வெயில் மேல் போட்ட பழி

"வெயில் இறங்கட்டும் சார், அஞ்சு மணிக்கு மேல எடுத்துக்கலாம்."

கல்யாண மண்டப வாசலில் இந்தப் பேச்சைக் கேட்காத முகூர்த்த நாள் கிடையாது. தாலி கட்டி முடிந்து, மாலையும் கழுத்துமாக மணமக்கள் வெளியே வரும்போது மணி பத்தரை ஆகியிருக்கும். பெண்ணின் தாய்மாமன் ஆசையோடு, "அந்த வேப்பமரத்துக்கிட்ட எல்லாரும் நின்னு ஒண்ணு எடுத்துக்குவோமா தம்பி?" என்பார். கேமரா வைத்திருப்பவர் வானத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்குவார். வெயில் அடிக்கிறது, முகத்தில் நிழல் விழும், படம் வராது. சாயங்காலம் பார்க்கலாம், இல்லையென்றால் அடுத்த வாரம் தனியாக ஒரு அவுட்டோர் வைத்துக்கொள்ளலாம்.

இந்தத் தொழிலுக்கு வந்து இருபத்திரண்டு வருடமாகிறது. முதல் எட்டு வருடம் நானும் இதையேதான் சொன்னேன். அப்படிச் சொன்னவன் என்பதாலேயே இது தவறு என்று எழுத வேண்டிய கடன் எனக்கு இருக்கிறது. காலையில் கொஞ்ச நேரம், மாலையில் கொஞ்ச நேரம், இந்தப் பொன்னொளி நேரம் மட்டுமே வெளிப்புறப் படத்துக்கு உகந்தது, நடுப்பகல் முழுக்க வீண் என்பது இன்று புதிதாகக் கேமரா வாங்குகிற ஒவ்வொரு பையனுக்கும் பால பாடமாகப் போய்ச் சேர்கிறது. அதை எதிர்த்து யாரும் பேசுவதில்லை. அந்தப் பாடம் எங்கிருந்து வந்தது, யாருக்காக எழுதப்பட்டது என்று யாரும் கேட்பதும் இல்லை.

அதிலிருந்தே தொடங்குகிறேன். வானத்தில் சூரியன் நகரும் வேகம் மணிக்கு 15 பாகை. ஆனால் அடிவானத்தை நோக்கி அது இறங்கும் சரிவு ஊருக்கு ஊர் மாறும். பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு அது கிட்டத்தட்டச் செங்குத்தாக விழும். வடக்கே போகப் போகச் சாய்ந்து சறுக்கிக்கொண்டே இறங்கும். பகலும் இரவும் சமமாக இருக்கும் நாளில் பொன்னொளி தரும் கடைசி ஆறு பாகையைக் கடக்க லண்டனில் அதற்கு நாற்பது நிமிடம் போல ஆகும். மதுரையில் 25 நிமிடத்துக்குள் முடிந்துவிடும். கோடையில் லண்டனில் அது முக்கால் மணி நேரத்தையும் தாண்டும். டிசம்பர் மாதத்தில் அங்கே நண்பகலிலேயே சூரியன் அடிவானத்திலிருந்து 15 பாகை உயரத்தில்தான் நிற்கும். பகல் முழுக்கச் சாய்ந்த வெயில். அதே டிசம்பரில் மதுரையில் நண்பகல் சூரியனின் உயரம் 57 பாகை. வருடத்திலேயே அது மிகத் தாழ்ந்து நிற்கும் காலத்தின் கணக்கு இது.

பொன்னொளிக்காகக் காத்திரு என்ற அறிவுரையை எழுதியவர்கள் நீண்ட மாலைகளில் வாழ்ந்தவர்கள். அவர்கள் காத்திருந்ததற்குப் பலன் இருந்தது. நமக்குக் கிடைப்பது ஒரு காபி குடித்து முடிக்கும் நேரத்தைவிடக் கொஞ்சம் கூடுதல்.

அடுத்தது நம்முடைய பஞ்சாங்கம். ஆடி, புரட்டாசி, மார்கழியில் பெரும்பாலும் கல்யாணம் வைப்பதில்லை. மிஞ்சுகிற மாதங்களில் முகூர்த்தங்கள் குவிவது வைகாசியிலும் ஆனியிலும் ஆவணியிலும் தையிலும். சென்னைக்கு நேர் மேலே சூரியன் வருவது வருடத்தில் இரண்டு முறை, ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் நடுவாக்கிலும். மதுரைக்கு ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும். ஆவணி முகூர்த்தம் என்றாலே உச்சந்தலைச் சூரியன் என்றுதான் அர்த்தம். நம் கல்யாணங்கள் நடக்கிற ஒளி அது. அந்த ஒளியில் படம் எடுக்கத் தெரியாது என்று ஒருவர் சொன்னால், நம் கல்யாணத்தைப் படம் எடுக்கத் தெரியாது என்று சொல்வதாகவே நான் எடுத்துக்கொள்வேன்.

மாலை ஐந்தரை மணிக்கு மணப்பெண் எங்கே இருக்கிறாள் என்பதையும் பார்க்க வேண்டும். அன்று சாயங்காலம் வரவேற்பு என்றால் மேக்கப் அறையில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். முந்தின நாளே வரவேற்பு முடிந்துவிட்டது என்றால் மறுவீட்டுக்குப் போகும் வண்டியில் இருப்பாள். சொந்தபந்தங்கள் மதியச் சாப்பாடு முடித்து, தாம்பூலப் பையை வாங்கிக்கொண்டு, மூன்று மணி பஸ்ஸைப் பிடித்திருப்பார்கள். பொன்னொளி வரும்போது அந்த மண்டபத்தில் மிஞ்சியிருப்பது பாத்திரம் கழுவுகிறவர்களும் பந்தலைப் பிரிக்கிறவர்களும்தான்.

2011 வைகாசியில், உசிலம்பட்டிப் பக்கம் ஒரு கிராமத்தில், பெண் வீட்டு வாசலிலேயே பந்தல் போட்டு நடந்த கல்யாணம். பெண்ணின் அம்மாச்சி எண்பது வயதுக்காரர், காதில் தண்டட்டி. தாலி கட்டி முடிந்ததும் பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு என்னிடம் வந்து, "எங்க ரெண்டு பேரையும் நம்ம கெணத்தடியில வச்சு ஒண்ணு புடிப்பா" என்று கேட்டார். கிணற்றடியில் வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. "சாயங்காலம் எடுத்துத் தர்றேன் ஆத்தா, இப்ப எடுத்தா நல்லா இருக்காது" என்றேன். அவரும் சரி என்று தலையாட்டிவிட்டுப் போனார். நான்கு மணிக்கு மேல் மணமக்களை வைகை அணைப் பக்கம் கூட்டிப்போய், வெயில் சாயச் சாய, ஒருவரை ஒருவர் பார்ப்பது போலவும் பார்க்காதது போலவும் நூற்றைம்பது படங்கள் எடுத்தேன். திரும்பி வந்தபோது இருட்டிவிட்டது. அம்மாச்சி தூங்கப் போயிருந்தார். ஆல்பம் கொடுத்த அன்று அந்தப் பெண் கடைசிப் பக்கம் வரை புரட்டிவிட்டு, "அம்மாச்சி கெணத்தடியில நின்ன படம் எங்கண்ணே?" என்று கேட்டது. பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. அந்தக் கிணற்றடியைச் சுற்றிச் சுண்ணாம்பு அடித்த தொட்டிச் சுவர் இருந்தது. ஓட்டுச் சாய்ப்பின் நிழல் மூன்றடி தள்ளி விழுந்திருந்தது. இன்று அந்த இடத்தை நினைத்துப் பார்த்தால் ஒரு நல்ல படத்துக்கு வேண்டிய எல்லாமே அங்கே இருந்தது தெரிகிறது. அன்று அதைப் பார்க்க எனக்குக் கண் இல்லை. நேரம் சரியில்லை என்ற பாடம்தான் தலையில் இருந்தது.

எதிர்த்தரப்பின் நியாயத்தை மறைத்துவிட்டு வாதாட எனக்கு விருப்பமில்லை. உச்சி வெயிலை நேரே முகத்தில் விழவிட்டால் கண்குழி இரண்டும் கறுத்துப்போகும், மூக்கு நிழல் மேலுதட்டில் மீசை போல விழும், நெற்றி வெளுக்கும், கண் சுருங்கும். இது உண்மை. ஆனால் இதிலிருந்து வரக்கூடிய முடிவு, மணமக்களை அந்த இடத்தில் அப்படி நிறுத்தக் கூடாது என்பது மட்டும்தான். அந்த வேளையே ஆகாது என்று சொல்வது, ஒரு தெரு மேடு பள்ளமாக இருக்கிறது என்பதற்காக ஊருக்கே போகாமல் இருப்பது மாதிரி.

நடுப்பகலில் ஒளி ஒரு திசையிலிருந்து மட்டும் வருவதில்லை. சூரியன் ஒன்று, வானம் முழுவதும் ஒன்று, தரையிலும் சுவரிலும் பட்டுத் திரும்புவது இன்னொன்று. ஐந்தரை மணிக்கு இந்தத் திரும்பும் ஒளி சோர்ந்துவிடும். பதினொரு மணிக்கு அது உச்சத்தில் இருக்கும். புதிதாகச் சுண்ணாம்பு அடித்த சுவர், தன் மேல் விழும் ஒளியில் முக்கால் பங்குக்கு மேல் திருப்பி அனுப்பிவிடும். வெயில் படும் அப்படிப்பட்ட சுவருக்கு எதிரே, நிழலில் ஒருவரை நிறுத்தினால், எந்த ஸ்டூடியோவிலும் விலைக்கு வாங்க முடியாத அளவுக்குப் பெரிய சாஃப்ட்பாக்ஸ் முன்னால் அவர் நிற்கிறார் என்று அர்த்தம். கோயில் பிராகாரத்தின் கருங்கல் தளம், ஆற்று மணல், சிமெண்டுக் களம் எல்லாமே கீழிருந்து முகத்துக்கு ஒளி கொடுக்கும். சிவப்பு ஓடு பாவிய முற்றம் கொடுக்கிற ஒளியில் ஒரு இளஞ்சூடு இருக்கும். மாநிறத் தோலுக்கு அதைப்போல எடுப்பானது வேறொன்றும் இல்லை. புல்தரை மட்டும் ஆகாது. தாடைக்குக் கீழே பச்சை ஏறும். ரிசார்ட்டுகளில் புல்வெளிக் கல்யாணம் பெருகிவிட்ட இந்த நாளில் இதை முதலில் சொல்லித் தர வேண்டும்.

நிழலைப் பற்றியும் சரியாகச் சொல்லித் தருவதில்லை. 'மரத்தடியில் நிறுத்து' என்பார்கள். தாய்மாமன் காட்டிய வேப்பமரம் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் அதன் இலை சிறியது, நிழல் முழுக்கப் பொத்தல். முகத்தில் ஐந்தாறு வெள்ளைப் பொட்டுகள் விழும். அடர்ந்த ஆலமரமோ மாமரமோ என்றால் சரி. வேம்புதான் இருக்கிறது என்றால் அதைப் பின்னால் வைத்துவிட்டு, ஆட்களை வீட்டு நிழலில் நிறுத்த வேண்டும். நிழலுக்கு உள்ளே எவ்வளவு தூரம் என்பதும் முக்கியம். ஓரத்திலிருந்து இரண்டு மூன்று அடிக்குள், முகம் வெளிச்சத்தைப் பார்த்தபடி நிற்க வேண்டும். உள்ளே போகப் போக ஒளி குறைந்து முகம் மங்கும். திண்ணையில் உட்கார்ந்து தெருவைப் பார்க்கும் தாத்தாவின் முகத்தில் விழுமே, அதுதான் நான் சொல்லும் ஒளி. பின்னால் இருட்டான ரேழி, முன்னால் திறந்த வானம். திண்ணை வைத்து வீடு கட்டிய ஊரில் பிறந்துவிட்டு, நடுப்பகலில் நல்ல ஒளி இல்லை என்று நாம் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

இதைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம். கையை முகத்துக்கு நேரே நீட்டி, உள்ளங்கை தன்னைப் பார்க்கும்படி வைத்துக்கொண்டு, நின்ற இடத்திலேயே மெதுவாக ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும். கையில் நிழல் எங்கே கூராக விழுகிறது, எங்கே மெத்தென்று பரவுகிறது என்பது தெரிந்துவிடும். மெத்தென்று பரவும் திசையில் மணமக்களின் முகம் இருக்க வேண்டும். நான் மண்டபத்துக்குள் நுழைந்ததும் செய்கிற முதல் வேலை இதுதான். தம்பி ஒருவனை மணமகன் நிற்கப்போகும் இடத்தில் நிறுத்தி, இரண்டு படம் எடுத்துச் சரிபார்த்த பிறகே மணமக்களைக் கூப்பிடுவேன். வெயில் காலத்தில் பட்டுக் கட்டியிருப்பவர்களை நாம் இடம் தேடி முடிக்கும்வரை நிற்க வைப்பது பாவம். வியர்த்துப்போன முகத்தை எந்த ஒளியும் காப்பாற்றாது.

கோயில் கல்யாணம் என்றால் இன்னும் வசதி. நம் கோயில்கள் பெரும்பாலும் கிழக்குப் பார்த்தவை. காலையில் ராஜகோபுரத்தின் நிழல் மேற்கே, அதாவது கோயிலுக்கு உள்பக்கமாக விழும். சித்திரையில் ஒன்பது மணிக்கு அந்த நிழல் கோபுரத்தின் உயரத்தைவிடச் சற்று நீளமாக இருக்கும், பத்தரை மணிக்கு உயரத்தில் பாதியாகக் குறுகிவிடும். நூறடிக் கோபுரம் என்றால் பத்தரை மணிக்கும் ஐம்பதடி நீள நிழல். ஐம்பது பேர் கொண்ட குடும்பத்தை அதில் நிற்க வைக்கலாம். இதைக் கணக்குப் போட்டுப் பார்க்காமல், நிழலில்லை என்று கைவிரிக்கிறோம். இன்னொன்று, நம் ஊரில் சூரியன் உச்சிக்கு வருவது சரியாகப் பன்னிரண்டு மணிக்கு இல்லை. பன்னிரண்டேகால் வாக்கில், மாதத்துக்கு மாதம் சில நிமிடம் முன்பின்னாக. பதினொரு மணிக்கு இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் சாய்வு பாக்கி இருக்கிறது.

பந்தலைப் பற்றியும் சொல்ல வேண்டும். தென்னங்கீற்றுப் பந்தலுக்குக் கீழே வெள்ளைத் துணியால் மேற்கட்டி கட்டிய காலத்தில், அந்தத் துணி ஒளியை வடிகட்டிச் சமமாகப் பரப்பியது. சினிமாக்காரர்கள் ஸ்கிம்மர் என்று சொல்லி நான்கு பேர் பிடித்துக்கொண்டு நிற்கிறார்களே, அதே வேலை. இன்று சிவப்பும் மஞ்சளும் நீலமுமாகத் துணி கட்டுகிறார்கள். அதன் கீழே நிற்பவரின் ஒரு கன்னம் சிவப்பு, பக்கவாட்டில் வெளியிலிருந்து வரும் ஒளியால் மறு கன்னம் வெள்ளை. இதை எந்த ஒயிட் பேலன்ஸாலும் சரிசெய்ய முடியாது. பந்தலின் ஓரத்துக்கு வந்துவிட வேண்டும். ஓரத்துக்கு வர முடியாத கூட்டம் என்றால் ஒரு எளிய வழி இருக்கிறது. மணமகனின் இரண்டு மச்சான்களைக் கூப்பிட்டு, மடிப்பைப் பிரித்து ஒற்றையாக்கிய வெள்ளை வேட்டியை மணமக்களின் தலைக்கு மேல் விரித்துப் பிடிக்கச் சொல்லுங்கள். வெயில் பால் மாதிரி இறங்கும். அந்த மச்சான்களுக்கும் கல்யாணத்தில் ஒரு வேலை கிடைத்த சந்தோஷம்.

இவ்வளவு சொன்ன பிறகும் ஒருவர் கேட்பார்: இதெல்லாம் சமாளிப்பு, வெயிலுக்கென்று சொந்தமாக ஒரு அழகு உண்டா? உண்டு. பட்டுப்புடவையின் ஜரிகையை எடுத்துக்கொள்வோம். ஒரு உலோகப் பரப்பு மின்ன வேண்டும் என்றால் ஒளி தரும் பொருள் சிறியதாகவும் கூர்மையாகவும் இருக்க வேண்டும். மேகமூட்டத்திலும் அந்திக்குப் பிறகு வரும் மங்கலிலும் காஞ்சிபுரத்து ஜரிகை பித்தளை போலச் சோர்ந்துவிடும். வெயிலில் ஒரு நூல் பட்டாலும் தீப்பிடித்தது போல எழும். நெத்திச்சுட்டிக் கல்லும் மூக்குத்தியும் அப்படித்தான். முதுகுப் பக்கம் வெயில் விழும்படி மணப்பெண்ணைத் திருப்பிப் பாருங்கள். தலையில் வைத்த மல்லிகைச் சரத்தின் ஒவ்வொரு இதழுக்குள்ளும் ஒளி புகுந்து வெளியே வரும். முகத்துக்குத் தேவையானதைக் கருங்கல் தளமோ எதிர்ச்சுவரோ கொடுத்துவிடும். இந்தப் படத்தை ஐந்தரை மணிக்கு எடுக்க முடியாது.

அமெரிக்கப் புகைப்படக்காரரான அலெக்ஸ் வெப், வெப்ப மண்டல நாடுகளின் சுள்ளென்ற வெயிலைக் கண்ட பிறகுதான் கறுப்பு வெள்ளையை விட்டு வண்ணத்துக்கு மாறினார். 1986இல் வந்த அவருடைய முதல் வண்ணப் புத்தகம் முழுக்க முழுக்க அந்த வெயிலும் அது வெட்டிப்போடும் கரிய நிழலும்தான். வெளியிலிருந்து வந்தவர் நம்முடையதைப் போன்ற ஒளியில் ஒரு மொழியைக் கண்டெடுத்தார். நாம் அதை விட்டு ஓடுகிறோம். 'அபராஜிதோ' (1956) படத்தில் காசி வீட்டு முற்றத்தை ஸ்டூடியோவுக்குள் போட்டபோது, வானத்திலிருந்து இறங்கும் நிழலற்ற வெளிச்சத்தைக் கொண்டுவருவதற்காக ஒளிப்பதிவாளர் சுப்ரதோ மித்ரா விளக்குகளைத் துணியில் அடித்துத் திருப்பினார். உலகமே பேசும் அந்த முறை நம் நாட்டு வீட்டு முற்றத்தின் பகல் ஒளியைப் பார்த்துச் செய்த நகல். மூல ஒளி நம்மிடம் இன்னும் ஒவ்வொரு பழைய வீட்டிலும் இருக்கிறது. தமிழ் சினிமாவின் வெளிப்புறப் படப்பிடிப்புகளில் வெறும் தெர்மோகோல் அட்டையைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்ற லைட்மேன்களுக்குத் தெரிந்த வித்தை, லட்சக்கணக்கில் கேமரா வாங்கிய நமக்குத் தெரியாமல் போனது எனக்கு வருத்தம் தருகிறது.

லட்சக்கணக்கில் என்றதும் கருவிகளின் பேச்சு வந்துவிடும். நடுப்பகலுக்கு விலை கூடிய லென்ஸும் பெரிய ஃப்ளாஷும் இல்லாமல் முடியாது என்பது இந்த நம்பிக்கையின் இன்னொரு கிளை. கணக்கைப் பார்ப்போம். முழு வெயிலில் ஐஎஸ்ஓ 100 வைத்தால் எஃப் 16க்கு ஷட்டர் 1/100 என்பது பிலிம் காலத்து வாய்ப்பாடு. இன்றும் அது மாறவில்லை. பின்னணியை மங்கலாக்கும் ஆசையில் லென்ஸை எஃப் 1.4க்குத் திறந்தால் ஷட்டர் 1/12800 வேண்டும். பெரும்பாலான கேமராக்களின் மெக்கானிக்கல் ஷட்டர் 1/8000க்கு மேல் போகாது. விலை கொடுத்து வாங்கிய அந்தத் திறப்பு முழு வெயிலில் பயன்படவே படாது. அதே ஆட்களைச் சுவர் நிழலுக்குக் கொண்டுவந்தால் ஒளி மூன்று ஸ்டாப் போல, அதாவது மூன்று முறை பாதியாக, குறையும். எஃப் 2.8, 1/400. சில ஆயிரம் ரூபாய் விலையுள்ள சாதாரண 50 எம்எம் லென்ஸ் போதும். ஃப்ளாஷின் சங்கதியும் இதேதான். சாதாரண சிங்க் வேகமான 1/200க்கு முழு வெயிலில் எஃப் 11 வைக்க வேண்டியிருக்கும். அந்தத் திறப்புக்கு ஈடாக ஒளி கொடுக்க, கேமரா மேல் பொருத்தும் ஃப்ளாஷுக்கு இரண்டு மூன்று மீட்டர் தூரம்தான் எல்லை. மணமக்கள் இருவருக்கு அது போதும், முதுகில் வெயில் வாங்கி நிற்கும்போது முகத்துக்குக் கொஞ்சம் ஊட்டம் கொடுக்கும். முப்பது பேர் நிற்கும் குடும்பப் படத்துக்கு ஆகாது. அதற்குக் கட்டடத்தின் நிழல் ஒன்றுதான் வழி.

பின்னணியை மங்கலாக்குவது பற்றி எனக்கு ஒரு ஆதங்கம் உண்டு. அவுட்டோர் என்று சொல்லி ஆட்களை வெளியே கூட்டிவந்துவிட்டு, அந்த வெளியைக் கண்ணுக்குத் தெரியாமல் அழித்துவிடுகிறோம். பெண் பிறந்த வீடு, அவள் நடந்த தெரு, ஊர்க் கோபுரம் எல்லாம் நிறக் குழம்பாகக் கரைந்துபோகின்றன. முப்பது வருடம் கழித்து அந்தப் படத்தைப் பார்ப்பவர்களுக்கு, அந்த வீட்டு வாசலில் என்ன மரம் நின்றது என்று தெரிய வேண்டாமா?

கடற்கரைப் படங்களையும் இதோடு சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். சென்னையிலும் மாமல்லபுரத்திலும் புதுச்சேரியிலும் கடல் கிழக்கே இருக்கிறது. சூரியன் கடலில் உதிக்கும், ஊருக்குள் மறையும். மாலையில் அங்கே கடலுக்கு மேல் சூரியன் இறங்கும் காட்சி கிடையாது. ஆனால் ஆல்பத்தில் இருக்கிறது, மென்பொருளில் வானத்தை மாற்றி ஒட்டியது. கல்யாணப் படம் ஒரு குடும்பத்தின் சாட்சி. அதில் இல்லாத சூரியனை ஒட்டுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

"வாடிக்கையாளர் அதைத்தான் கேட்கிறார்" என்பதே என்னிடம் அடிக்கடி வரும் பதில். அவர் கேட்பது இன்ஸ்டாகிராமில் நாம் போட்டுக் காட்டியதை. காட்டினதும் நாம்தான். அந்த வெளிறிய, பால் கலந்த நிறம் ஒரு பிரீசெட்டில் இருந்து வருகிறது, அது வேறு தோலுக்காகச் செய்யப்பட்டது. கோடாக் நிறுவனம் பல பத்தாண்டுகள் வண்ண அச்சைச் சரிபார்க்க வெள்ளைக்காரப் பெண்ணின் படம் போட்ட அட்டையையே அளவுகோலாக அனுப்பிவந்தது. ஷெர்லி அட்டை என்று அதற்குப் பெயர். அந்தப் பழக்கத்தின் எச்சம் நம் கையேடுகளில் இன்னும் இருக்கிறது. முகத்தை அளந்துவிட்டு ஒரு ஸ்டாப் கூட்டு என்பார்கள். வெள்ளைத் தோல், மீட்டர் அளவுகோலாகக் கொள்ளும் நடுச் சாம்பலைவிட ஒரு ஸ்டாப் வெளுப்பானது, ஆகவே அது அவர்களுக்குச் சரி. நம் மாநிறம் நடுச் சாம்பலுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, கறுத்த தோல் அதற்கும் கீழே. கூட்டினால் வெளுத்துப்போகும். முகத்தை மட்டும் ஸ்பாட் மீட்டரில் அளந்து, பெரும்பாலும் அப்படியே விட்டால் போதும். கறுத்த முகம் என்றால் அரை ஸ்டாப், ஒரு ஸ்டாப் குறைக்கவும் வேண்டும். கறுப்பாக இருக்கும் மணப்பெண்ணைக் கறுப்பாகவும் ஒளியோடும் எடுக்கத் தெரியாமல், வெயிலின் மேல் பழி போடுவதை எத்தனையோ முறை பார்த்துவிட்டேன்.

வேட்டிதான் நடுப்பகலின் உண்மையான சோதனை. நடுச் சாம்பலைவிட வெள்ளை வேட்டி இரண்டு ஸ்டாப்புக்கு மேல் வெளுப்பு. முகமும் வேட்டியும் ஒரே நிழலில் இருந்தால் இன்றைய எந்தக் கேமராவும் இரண்டையும் பிடித்துவிடும். முகம் நிழலிலும் இடுப்புக்குக் கீழே வெயிலிலும் நின்றால் அதோடு இன்னும் மூன்று ஸ்டாப் சேரும், மடிப்பு ஒன்றும் தெரியாமல் வேட்டி வெள்ளைக் காகிதமாகிவிடும். ஆகவே ஆட்களை நிறுத்தும்போது முகத்தை மட்டும் பார்க்காமல் காலடியையும் பார்க்க வேண்டும். நிழல் விளிம்பு வேட்டியின் குறுக்கே ஓடினால் ஒரு அடி பின்னால் நகர்த்த வேண்டும். ரா ஃபைலில் எடுத்து, வேட்டி கெடாத அளவுக்கு எக்ஸ்போஷர் வைத்துவிட்டால், முகத்தைப் பிறகு ஒரு ஸ்டாப் தூக்கலாம். வெளுத்துப்போன வேட்டியை எவராலும் திருப்பிக் கொண்டுவர முடியாது. என்னிடம் வேலை கற்க வருகிறவர்களுக்கு ஒரு மாதம் இதைத்தான் சொல்லித் தருகிறேன்.

நம் சடங்குகளே வெளியில், பகலில்தான் நடக்கின்றன. காசியாத்திரைக்குப் புறப்படும் மாப்பிள்ளை குடை பிடித்துக்கொண்டு தெருவில் நிற்கிறார். பாலிகை கரைக்கக் குளத்தங்கரைக்குப் போகிறார்கள். அருந்ததி பார்க்க மணமக்களை வாசலுக்குக் கூட்டிவருகிறார்கள், பத்து மணி வெயிலில். இதை மாலைக்குத் தள்ளிப்போட முடியாது, இன்னொரு நாளில் நடித்துக் காட்டவும் முடியாது. அருந்ததி இருப்பது சப்தரிஷி மண்டலத்தில், வசிஷ்டருக்குப் பக்கத்தில், வடக்கு வானத்தில். வாத்தியார் வடக்கே கை காட்டுகிறார். தை மாதத்தில் சூரியன் தென்பக்கமாகச் சாய்ந்து போகும். வடக்கே பார்ப்பவரின் முகத்தில் அது நேரே படாது, முதுகிலும் தோளிலும் விழும். முகமோ மேலே நிமிர்ந்திருக்கிறது. வானத்தின் ஒளி முழுக்க அதில் இறங்குகிறது, கண்குழியில் நிழலே இல்லை. நடுப்பகல் ஒளிக்கு இதைவிடச் சரியான நிலையை எந்தப் படக்காரரும் யோசித்து நிறுத்த முடியாது. நாம் செய்ய வேண்டியது வடக்குப் பக்கம் போய், கொஞ்சம் தாழ உட்கார்ந்து, கூப்பிடாமல் இருப்பது மட்டும்தான். அந்த நேரத்தில் "சார், இங்க பாருங்க" என்று கத்தி, அந்த முகத்தைக் கீழே இறக்கிவிடுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

போன தையில் திருப்பத்தூர்ப் பக்கம் ஒரு கல்யாணம். பத்தே முக்கால் மணி. வீட்டு வாசலில் கோலம் பாதி அழிந்து கிடந்தது. வாத்தியார் கையைத் தூக்கி, "அதோ தெரியுது பாருங்கோ" என்றார். மணமக்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். பின்னால் நின்ற அத்தைகளும் சித்தப்பாக்களும் பார்த்தார்கள். மணமகனின் பாட்டி, தாழ்வார நிழலில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர், உள்ளங்கையை நெற்றிக்கு மேல் வைத்துக்கொண்டு பார்த்தார். எட்டு படம் எடுத்தேன், எல்லாம் ஒரு நிமிடத்துக்குள். வேட்டி மடிப்பு தெரிகிறது, ஜரிகை தெரிகிறது, பாட்டியின் கை நரம்பு தெரிகிறது. கோலத்தின் நடுவில் ஐந்து வயதுப் பெண் குழந்தை ஒன்று, பட்டுப்பாவாடையை ஒரு கையால் தூக்கிப் பிடித்தபடி, மற்ற எல்லோரையும்விட அண்ணாந்து நிற்கிறது. படம் எடுத்து முடித்ததும் அது என்னிடம் ஓடி வந்து, தனக்கு நட்சத்திரம் தெரிந்தது என்று சொன்னது.